உஷார்! வடசென்னை வேம்புகளின் நுனியைப் பாருங்கள்

உங்கள் தெருவில் நிற்கும் வேப்பமரத்தை இன்றே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அடிமரத்தைப் பார்த்துப் பயனில்லை, கொப்புகளின் நுனியைப் பாருங்கள். தளிர் இருக்க வேண்டிய இடத்தில் இலைகள் பழுப்பேறிச் சுருண்டு, உதிராமல் காம்போடு தொங்குகின்றனவா? தீயில் வாட்டி எடுத்தது போல மரத்தின் வெளிப்புறம் மட்டும் கருகி, உள்ளே தண்டை ஒட்டிய இலைகள் இன்னும் பச்சையாக இருக்கின்றனவா? அப்படியென்றால் உங்கள் மரத்துக்கு நோய் வந்திருக்கிறது. வரப்போகிற வடகிழக்குப் பருவமழை அதைப் பக்கத்து மரங்களுக்கும் கொண்டுபோகும்.

இந்த நேரத்தில்தான் இரண்டு ஆபத்தான பேச்சுகள் தெருவில் கிளம்பும். "மரம் செத்துப்போச்சு, மழைக்கு விழுறதுக்குள்ள வெட்டிடுங்க" என்பது ஒன்று. "கம்பெனி புகைப்பா, நாம இன்னா பண்ண முடியும்" என்பது மற்றொன்று. முதல் பேச்சு உயிருள்ள மரத்தைக் கொன்றுவிடும். இரண்டாவது பேச்சால் நோய் கேட்பாரில்லாமல் பரவும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நிழல் என்று நமக்கு மிச்சமிருப்பதே கொஞ்சம். காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களும், எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் காத்துக்கிடக்கிற கன்டெய்னர் லாரிக்காரர்களும் அந்தக் கொஞ்ச நிழலில்தான் ஒதுங்குகிறார்கள். காலடிப்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டுக்கும் விம்கோ நகர் டீக்கடை பெஞ்சுக்கும் கூரை ஏதோ ஒரு வேம்போ, பூவரசோ, பாதாமோதான். அதையும் இழந்துவிட்டு, கான்கிரீட்டும் தாரும் நிலக்கரித் தூசியும் மட்டும் உள்ள ஊரில் சித்திரை வெயிலை எப்படித் தாங்குவோம்?

வேம்புக்கு வரும் இந்தக் கருகலுக்கு முதல் காரணம் ஒரு பூஞ்சை. 1997-ல் மைசூரு ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாக விவரித்து, ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்று பெயரிட்டார்கள். நுனிக் கொப்பில் நுழைந்து உள்நோக்கி இறங்குவது அதன் வழக்கம். பூவையும் காயையும்கூட விடாது. கடுமையாகத் தாக்கிய மரத்தில் அந்த ஆண்டு வேப்பங்கொட்டையே கிடைக்காமல் போகலாம். காய்ந்த கொப்பின் பட்டையில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு பொட்டுகளாக வித்துப்பைகள் உருவாகும். மழைத்துளி பட்டதும் அவை வித்துகளைக் கக்கும். தெறிக்கும் துளியிலும் ஈரக்காற்றிலும் பூச்சிகளின் காலிலும் அவை அடுத்த கொப்புக்குப் போகும். அதனால்தான் மழைக்காலத்தில் நோய் உச்சத்துக்குப் போகிறது.

2021-ல் தெலங்கானா முழுவதும் வேம்புகள் இப்படிக் கருகி நின்றபோது மக்கள் மிரண்டுபோனார்கள். வேப்பமரத்துக்கே நோயா என்ற திகைப்பு. அங்குள்ள பேராசிரியர் ஜெயசங்கர் வேளாண் பல்கலைக்கழகம் ஆராய்ந்து, இந்தப் பூஞ்சைதான் காரணம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டிலும் சில ஆண்டுகளாகப் பல மாவட்டங்களில் இதே காட்சிதான். இங்கே பூஞ்சையோடு ஒரு பூச்சியும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. தேயிலைக் கொசு என்று அதற்குப் பெயர். அது கொசு இல்லை, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை. சுமார் 7 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு உடல், முதுகில் குண்டூசி குத்தி நிறுத்தியதுபோல ஒரு முள். தளிரில் ஊசிவாயை இறக்கி நச்சு எச்சிலைச் செலுத்தும். குத்திய இடம் கறுத்து, பிசின் வடிந்து, தளிர் மேலிருந்து காயும். அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சை உள்ளே போவது எளிது. தேயிலை, முந்திரி, கொய்யா என்று அதன் சாப்பாட்டுப் பட்டியல் பெரியது. அதில் வேம்பும் உண்டு.

தெலங்கானாவிலும் இங்கேயும் கருகிய மரங்களில் பெரும்பாலானவை சாகவில்லை. இதைத்தான் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பிணம்போல நின்ற மரம் மாசி, பங்குனியில் துளிர்த்துவிடுகிறது. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அடிவாங்கினால் பெரிய மரமும் தளர்ந்துவிடும், இளங்கன்றுகள் முதல் ஆண்டே போய்விடும். மரம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சின்னக் கொப்பின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் போதும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் இல்லாவிட்டால் ஒரு முழம் உள்ளே தள்ளிக் கீறிப் பாருங்கள். அதைப் பார்க்காமல் யாரையும் அரிவாள் எடுக்க விடாதீர்கள்.

புகைக்கும் நோய்க்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிவது நம் பகுதிக்கு மிக அவசியம். நம் சந்தேகம் நியாயமானது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மட்டும் நாம் பட்டது கொஞ்சமா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, அலையாத்தி மரங்களின் வேர்களில் கறுப்பாகப் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம், பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு இலை பழுத்தாலும் விரல் சிம்னியை நோக்கித்தான் நீளும்.

ஆனால் நச்சுக்காற்றுக்கு வேம்பு, பூவரசு என்ற பேதம் தெரியாது. அடித்தால் காற்று வந்த பக்கமாக எல்லா மரத்தையும், கீழே உள்ள புல்லையும், வாசல் துளசியையும் சேர்த்தே பொசுக்கும். ஓரிரு நாளில் தெரிந்துவிடும். நோய் அப்படி வராது. வேம்பு மட்டும் கருகி, ஒட்டி நிற்கிற பூவரசும் புங்கனும் பச்சையாக இருந்தால் அது நோயின் வேலை. வாரக்கணக்கில் நுனியிலிருந்து உள்நோக்கி நகர்ந்தாலும் அப்படியே. புகையாக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேள்வி கேளுங்கள், நோயாக இருந்தால் மாநகராட்சியைக் கேளுங்கள். இரண்டையும் குழப்பினால் இரண்டு அலுவலகமும் "எங்கள் வேலை இல்லை" என்று தப்பித்துக்கொள்ளும்.

புகைக்கும் நோய்க்கும் நடுவே ஒரு தொடர்பும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இலையில் படியும் நிலக்கரித் தூசியும் உலர்சாம்பலும் இலையின் மூச்சுத்துளைகளை அடைக்கின்றன. அதைவிட மோசம், செதில்பூச்சியையும் சிலந்திப்பேனையும் வேட்டையாடும் குட்டிக் குளவிகளாலும் வண்டுகளாலும் தூசி படிந்த இலையில் வேலை செய்ய முடிவதில்லை. தூசி படிந்த சாலையோர மரங்களில் செதில்பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகுவது உலகெங்கும் கண்ட உண்மை. ஆக, மூடாமல் நிலக்கரி ஏற்றிப்போகும் லாரியும் மரநோய்க்குக் கூட்டாளிதான்.

சரி, மருந்தடித்துவிடலாமே என்பார்கள். இங்கேதான் பெரிய உஷார் தேவை. கார்பன்டசிம், ப்ரோஃபெனோஃபாஸ் போன்றவை நாற்றங்காலுக்கும் தோட்டத்துக்கும் சொல்லப்பட்டவை. நாற்பது அடி உயர வேம்பின் உச்சிக்குத் தெருவில் நின்று அண்ணாந்து தெளித்தால், மருந்து கீழே எங்கே விழும்? குடத்திலும், காயப்போட்ட துணியிலும், கருவாட்டிலும், திண்ணையில் தூங்குகிற குழந்தை மேலும் விழும். காசர்கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளும் நோயாளிகளுமாக அந்த ஊர்கள் இன்றும் அதன் பாரத்தைச் சுமக்கின்றன. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை போட்டது. அங்கே எந்தப் பூச்சியைக் கொல்ல அவ்வளவும் தெளித்தார்கள் தெரியுமா? இதே தேயிலைக் கொசுவை. அதனால், தெருமுனையில் டேங்க்கோடு வந்து "மரத்துக்கு ஐந்நூறு ரூபாய், ஒரே அடியில் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்டை மூடிவிடுங்கள்.

பூஞ்சையையும் பூச்சியையும்விட எனக்கு அதிக பயம் தருவது நம் கிளைவெட்டுதான். ஒவ்வொரு ஆண்டும் பருவமழைக்கு முன்பு, புரட்டாசி வாக்கில், மாநகராட்சி ஆட்களும் மின்வாரிய ஆட்களும் தெருத் தெருவாகக் கிளை கழிக்கிறார்கள். கம்பியில் உரசுகிற கிளையை எடுக்கத்தான் வேண்டும், புயல் ஊரில் அதைத் தடுக்க முடியாது. ஆனால் எப்படி எடுக்கிறார்கள்? காலையில் ஒரு தெருவில் நோயுற்ற வேம்பை வெட்டிய அதே கத்தியால், துடைக்கக்கூட இல்லாமல், மத்தியானம் அடுத்த தெருவில் நல்ல வேம்பை வெட்டுகிறார்கள். கிளை, தண்டோடு சேரும் கழுத்தில் ஒழுங்காக அறுபடாமல், பாதியில் கொத்திப் பிய்க்கப்படுகிறது. பிய்ந்த முனை ஆறாது. வெட்டுப்பட்ட இடம் திறந்து கிடக்கும்போதே மழை வருகிறது, வித்து பறக்கிற மாதமும் அதுதான். நோய்க்கு இதைவிட நல்ல வரவேற்பை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது.

வெட்டிய கொப்புகளோ மரத்தடியிலேயே நாள்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலில் இருக்கிற ஒவ்வொரு காய்ந்த கொப்பும் மழையில் நனைந்து மறுபடி வித்து கக்கும், மேலே நிற்கிற தாய்மரத்துக்கே. இதை மாற்ற உலக வங்கிக் கடன் வேண்டியதில்லை. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே கத்தியை ஸ்பிரிட்டாலோ பிளீச்சிங் நீராலோ துடைக்கலாம். பெரிய வெட்டுகளை மழைக்கு வெகு முன்பே, வறண்ட மாதத்தில் முடித்துவிடலாம். வெட்டுவாயில் போர்டோ பசை பூசலாம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் போதும், தென்னை வைத்திருக்கிற எந்த விவசாயிக்கும் தெரிந்த கைமருந்து அது. நோய்க்கொப்புகளை அன்றன்றே மூடிய வண்டியில் ஏற்றி அகற்ற வேண்டும். உங்கள் தெருவுக்கு ஏணியோடு ஆட்கள் வரும்போது சண்டை போடாதீர்கள். "அண்ணே, போன மரம் நோய் மரம், கத்திய ஒரு தடவ தொடச்சிட்டு ஏறுங்க" என்று ஒரு துணியும் பிளீச்சிங் தண்ணியும் நீட்டுங்கள். அவர்கள் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

மேலே யார் என்று கேட்டால்தான் சிக்கல். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நூறு அடி நடந்தாலே மரத்துக்கு மரம் சொந்தக்காரர் மாறுவார். ஒன்று மாநகராட்சியின் மரம், அடுத்தது நெடுஞ்சாலைத் துறையுடையது. மதிலுக்கு உள்ளே நிற்பது துறைமுகத்துக்கோ ரயில்வேக்கோ சொந்தம். கோயில் மரம் அறநிலையத் துறையின் பொறுப்பு. கம்பிக்குக் கீழே வந்துவிட்டால் எல்லாமே மின்வாரியத்தின் கத்திக்குச் சொந்தம். 2011-க்கு முன் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனி நகராட்சிகள். சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபின் பூங்கா துறை பெரிதானது. ஆனால் மரத்தின் உடல்நிலையைப் பார்ப்பதே வேலையாக, தெருத் தெருவாக வருகிற ஒரு ஆளை இந்தத் தெருக்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? மரம் நட விழா உண்டு, வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்கிற விதியும் உண்டு. நடுவதற்கும் வெட்டுவதற்கும் இடையே அது அறுபது எழுபது வருஷம் வாழ்கிறதே, அந்தக் காலத்துக்குப் பொறுப்பு யார்? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எல்ம் மரங்களை அடியோடு அழித்த நோயில் பாடம் கற்ற பிறகு, உள்ளூராட்சிகளுக்கென்று பயிற்சி பெற்று அரசுச் சான்றிதழ் வாங்கிய மர ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சாலையோர மரமானாலும் வீட்டுத் தோட்டத்து மரமானாலும் நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் கடமை. இங்கே கொசுவுக்கு மலேரியா பணியாளர் தெருவுக்கு வருகிறார். மரத்துக்கு மட்டும் யாருமில்லை.

அப்படி ஒருவர் இருந்திருந்தால் உயிர்களைக்கூடக் காப்பாற்றியிருக்கலாம். மழை பெய்த மறுவாரம் மஞ்சள் கொன்றை, மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி மரங்களின் அடியில் அரைவட்டத் தட்டு போன்ற, மேலே அரக்குப் பூசியதுபோல் பளபளக்கிற காளான் முளைக்கும். கேனோடெர்மா அது. வெளியே தட்டு தெரிகிறது என்றால் உள்ளே வேரும் அடித்தண்டும் வெகுவாக அழுகியிருக்கிறது என்று அர்த்தம். மேலே இலை பசேலென்றுதான் இருக்கும், காற்றடித்தால் மரம் சாயும். அந்தக் காளானைப் பார்த்தால் உதைத்துத் தள்ளாதீர்கள், அது ஒன்றுதான் நமக்குக் கிடைக்கிற முன்னறிவிப்பு. படம் எடுத்துப் புகார் செய்யுங்கள். அடியில் ஆட்டோ நிறுத்துவதையும் பிள்ளைகள் விளையாடுவதையும் அன்றே நிறுத்துங்கள். இந்த ஒரு வகையில் மட்டும் நானும் வெட்டத்தான் சொல்வேன்.

இந்தப் பூஞ்சை பெரும்பாலும் வேரில் உள்ள காயத்தின் வழியாகத்தான் நுழைகிறது. அந்தக் காயத்தை மழைநீர் வடிகால் தோண்டும் பொக்லைன் போட்டுவிடுகிறது. 2022 ஜூனில் கே.கே. நகரில் சாலையோர மரம் சாய்ந்து, காரில் போன வங்கிப் பெண் அதிகாரி ஒருவர் இறந்தார். பக்கத்தில் நடந்த வடிகால் பணியா காரணம் என்று அப்போது பெரிய வாக்குவாதம் எழுந்தது, மாநகராட்சி மறுத்தது. காரணம் எதுவானாலும் நம் பக்கத்துக்கு அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு கொசஸ்தலை ஆற்று வடிநிலத்தில் சுமார் 769 கிலோமீட்டர் வடிகால் போடும் திட்டம் நம் தெருக்களைத்தான் தோண்டியது. வெள்ளத்தில் மிதக்கிற நமக்கு வடிகால் வேண்டும். ஆனால் பள்ளம் மரத்தை ஒட்டிப் போன இடமெல்லாம் ஒரு பக்க வேர் அறுந்திருக்கும். அந்த வேர்கள் அழுகி மரம் சாய்கிற காலம் அடுத்த ஐந்து பத்து ஆண்டுகள். 2016 டிசம்பர் 12 வர்தா போன்ற இன்னொரு புயல் அதற்குள் வராது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்ட் போடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. நம் நடைபாதை மரங்களின் கழுத்தில் சிமென்ட் இறுகிக் கிடப்பதை நீங்களே பாருங்கள்.

இதுவரை சொன்னது உள்ளூர் நோய். இனி வரப்போகிறது கடல் வழியாக வரலாம். துறைமுகத்தோடு வாழ்கிற நமக்கு மற்ற சென்னைவாசிகளுக்கு இல்லாத ஆபத்து இது. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. இயந்திரமோ, டைல்ஸோ, கிரானைட்டோ எது வந்தாலும் மரப்பெட்டியிலும் பேலட்டிலும்தான் வரும். அந்தக் கட்டைக்குள் உயிரோடு புழு வரலாம்.

கற்பனை இல்லை, நடந்த கதை. 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குடியிருப்புவாசி தன் வீட்டெதிர் மேப்பிள் மரங்களில் பென்சில் நுழைகிற துளைகளைப் பார்த்தார். யாரோ குறும்புக்காரர் துளையிட்டதாக முதலில் நினைத்தார்கள். சீனாவிலிருந்து பொதிக் கட்டைகளில் வந்த ஆசிய நீள்கொம்பு வண்டு அது. 1998-ல் சிகாகோவில் அகப்பட்டது. அங்கே 1,500-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி எரித்து, பத்து ஆண்டு போராடி, 2008-ல்தான் ஒழித்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரம் வேறொரு வண்டிடம் தோற்றுப்போனது. ஃப்ரீமேன்டில் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் ஒருவர் தன் மரத்தில் குண்டூசித் துளைகளைப் பார்த்துத் தகவல் கொடுத்தார். எள்ளளவே உள்ள துளைப்பான் வண்டு. மரத்துக்குள் சுரங்கம் வெட்டி, தன் தீனிக்கென்று ஒரு பூஞ்சையை விதைக்கும், அந்தப் பூஞ்சைதான் மரத்தின் நீர்க்குழாயை அடைத்துக் கொல்லும். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியும் பரவல் நிற்கவில்லை. இனி ஒழிக்க முடியாது என்று 2025-ல் கையை விரித்துவிட்டார்கள். புரூக்ளினிலும் பெர்த்திலும் முதலில் பார்த்தது அதிகாரி இல்லை, தெருவில் குடியிருந்தவர்கள்தான்.

புரூக்ளின் போன்ற சம்பவங்களுக்குப் பிறகுதான் 2002-ல் உலக நாடுகள் பொதிக் கட்டைக்கு விதி கொண்டுவந்தன. கட்டையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும், அல்லது மீத்தைல் புரோமைடு புகை போட வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை குத்த வேண்டும். இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை இருக்கிறது, மீனம்பாக்கத்தில் மண்டல நிலையமும் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது சரக்கை. சரக்கு வெளியே போனபின் அந்தக் கட்டைக்கு என்ன ஆகிறது? மாதவரம், மணலி, திருவொற்றியூர் யார்டுகளில் பிரிக்கப்பட்டு, பழைய கட்டை வியாபாரிக்குப் போகிறது. அங்கிருந்து விறகாகவும், கட்டிலாகவும், டீக்கடை பெஞ்சாகவும் நம் வீட்டுக்கு வருகிறது. ஏழை வீட்டுக்கு மலிவான மரம் வேண்டும், வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாங்கும்போது முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரை இருந்தாலும் பட்டை ஒட்டியிருந்தாலோ, புதுத் துளையிலிருந்து வெளிர்நிற மரத்தூள் கொட்டினாலோ மரத்தடியில் அடுக்கி வைக்காதீர்கள். அந்தக் கட்டையை முதல் வேலையாக அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள்.

"நம்ம ஊருக்கு வெளிநாட்டுப் பூச்சி எங்கே வரப்போகுது" என்பவர்களுக்கு ஒரு பூவரசு சாட்சி சொல்லும். 2008-ல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இரண்டே ஆண்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு பூவரசு, செம்பருத்தி என்று வாசல் மரங்களையும் வெள்ளையாக மூடிவிட்டது. மெழுகுப் போர்வைக்குள் இருந்த அதை மருந்து தொடவில்லை. மருந்தடித்தவர்கள் நட்டப்பட்டதுதான் மிச்சம். கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவியைப் பெங்களூரு ஆய்வு நிறுவனம் வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதை வளர்த்து மாநிலம் முழுக்க விட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் குளவி அது. சில மாதங்களில் பூச்சி அடங்கிவிட்டது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் ஒரு குட்டிக் குளவிதான் கைகொடுத்தது. அறிவும் ஆட்களும் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மர இனப்பெருக்கத்தோடு வன மரப்பூச்சிகளையும் ஆராயும் மத்திய நிறுவனமும் கோவையில் இருக்கிறது. ஆனால் எர்ணாவூர் மரத்தின் ஒரு கொப்பு அந்த ஆய்வகத்துக்குப் போய்ச்சேர வழி இல்லை.

அந்த வழியைத்தான் மாநகராட்சி போட வேண்டும். மண்டலத்துக்கு ஒரு பூச்சியியல் அல்லது தாவர நோயியல் படித்தவர் வேண்டும். வடசென்னை மண்டலங்களில், துறைமுக வாயில்களையும் கன்டெய்னர் யார்டுகளையும் சுற்றி, மாதம் ஒருமுறை மரங்களைப் பார்த்துவர ஒரு குழு வேண்டும். துறைமுகமும் ரயில்வேயும் மின்வாரியமும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிற ஒரே கிளைவெட்டு நாட்காட்டி வேண்டும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியிருக்கிறோம். புதிதாக நடுகிற கன்றுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை நிற்கிற மரத்துக்குக் கொடுங்கள் என்று கவுன்சிலரிடம் கேட்பது அதிகப்படியான கோரிக்கையா? வார்டு சபைக் கூட்டத்தில் தண்ணீர், சாக்கடைக்கு அடுத்தபடியாக இதையும் எழுதிக் கொடுங்கள்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். மரத்தில் அடித்த ஆணியையும் விளம்பரப் பலகையையும் பிடுங்குங்கள், ஒவ்வொரு ஆணித்துளையும் பூச்சிக்கு வாசல். மரத்தடியில் குப்பையை எரிக்காதீர்கள். வேம்பில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் கலைக்காதீர்கள், தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்கிற காவல்காரர்கள் அவை. முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையாக ஒட்டியிருந்தால் கொள்ளிக்கட்டையால் சுடும்போது பட்டையையும் சேர்த்துச் சுட்டுவிடாதீர்கள், நீண்ட குச்சியில் துணி சுற்றி வழித்து சோப்புத் தண்ணீரில் போட்டாலே போதும். தண்டில் மரத்தூளும் நூலும் கலந்த பழுப்பு ரிப்பன் ஓடினால் உள்ளே பட்டைத் துளைப்பான் புழு இருக்கிறது. ரிப்பனைத் துடைத்துத் துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தி, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். கைக்கெட்டுகிற உயரத்தில் கருகிய வேப்பங்கொப்பைப் பச்சை தெரியும் இடத்துக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி, மழையில்லாத நாளில் அறுத்து அகற்றுங்கள். கைக்கெட்டாததற்கு மாநகராட்சியைக் கூப்பிடுங்கள்.

எண் 1913. கூப்பிடும்போது "மரம் காஞ்சிடுச்சு, விழுற மாதிரி இருக்கு" என்று சொன்னால் ரம்பத்தோடுதான் ஆள் வருவார். "வேப்பமரம் நுனியிலிருந்து கருகுகிறது, நோய், பூங்கா துறையிலிருந்து வந்து பார்க்க வேண்டும், வெட்டக்கூடாது" என்று சொல்லுங்கள். தெருப்பெயர், எதிர்வீட்டு எண், எத்தனை மரம், எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லுங்கள். நுனி, தண்டு, அடி என்று மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நாள் கழித்து அதே இடத்திலிருந்து மறுபடி எடுங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.